ஒரே மாத்திரைதானே

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலையில் ஜாஸ்மினுக்கு இருபத்திரண்டு வருடம். தோலில் எங்கே வடு இருக்கிறது என்று விரல் பட்டாலே சொல்லிவிடுவாள். அவள் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுக்கு இன்னா, ஓடுது" என்பாள்.

தை மாதம் அவள் புருஷன் இன்பராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது பத்தாவது நிமிடம் வாசலில் கார் நின்றது. வேலூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு நாள் அவள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தாள். வீடு திரும்பியதும் தெருவே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்தது. அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் இரண்டு மாதம் லீவு.

ஆனியில் அவள் முறை. அவளுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. தாடையும் முதுகும் வலித்தன, வேர்த்துக் கொட்டியது. "வெறும் கேஸ்தான்டி" என்று இன்பராஜ் சோடா வாங்கித் தந்தான். நாலு நாள் சோடா குடித்தாள். ஐந்தாம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்த பிறகுதான் கம்பெனி வண்டி வேலூருக்கு ஓடியது. அவளுக்கும் ஒரு ஸ்டென்ட். வீட்டுக்கு வந்த மறுநாளே அவனுக்கு உப்பில்லாத குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டு அன்னம்மாள் எட்டிப் பார்த்து, "எழுந்துட்டியா? நல்லதாப் போச்சு. அண்ணன் பாவம், எளச்சிட்டாரு" என்றாள்.

ரத்தம் உறையாமலிருக்க இருவருக்கும் ஒரே மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. ஐப்பசியில் அவனுடைய அட்டை தீர்ந்தது. "ஒரே மாத்திரைதானே, நாளைக்கு வாங்கியாந்துட்றேன்" என்று அவள் அட்டையிலிருந்து பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு நாளாகியும் அந்த நாளை வரவில்லை; தினமும் அவள் அட்டையிலிருந்தே அவன் போட்டுக்கொண்டான், அவள் மாத்திரை இல்லாமல் இருந்தாள். இரண்டு தடவை கேட்டாள். "பேஜார் பண்ணாத. நான் டென்ஷன் ஆவக் கூடாது" என்றான். தானே போய் வாங்கியிருக்கலாம். ஷிஃப்ட், சமையல், அவனுக்குக் கஞ்சி என்று தள்ளிப்போட்டாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு.

பதின்மூன்றாம் நாள் கம்பெனி மாடிப்படியில் மூச்சு முட்டியது. மறுபடி அதே தாடை வலி. இந்தத் தடவை அவளே வண்டி கேட்டு ஏறினாள். இன்பராஜ் பின்னாலேயே வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

டாக்டர் பூர்ணிமா ஈசிஜியைப் பார்த்தார். "மாத்திரைய விட்டீங்களாம்மா?"

இன்பராஜ் முந்திக்கொண்டான். "இவளுக்கு மறதி ஜாஸ்தி டாக்டர். நான் சொல்லிக்கினேதான் இருப்பேன்." சிரிப்பு வேறு.

அவன் சட்டையிலிருந்து பச்சைத்தோல் நாற்றத்தை இருபது வருடமாகத் துவைத்துப் போட்டவள் அவள். ஒரு நாளும் குமட்டியதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குமட்டியது.

"மறதி இல்ல டாக்டர். என் மாத்திரைய இவரு சாப்ட்டாரு."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "பொம்பளைங்களுக்கு ரத்தக் குழாயே சின்னது. ஆஸ்பத்திரிக்கு வர்றதும் லேட்டு. ஸ்டென்ட் வச்ச பிறகும் ஆம்பளைங்கள விட இவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. அது போதாதுன்னு நீங்க வேறயா?" ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே பார்க்க வேண்டும் என்றார்.

"எத்தினி நாள் ஆவும் டாக்டர்? எனக்குத் தனிச் சமையல்..."

டாக்டர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார். கூட யார் இருக்கப்போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"தரையில படுத்தா எனக்கு ஒத்துக்காதும்மா. நானே ஹார்ட் பேஷன்ட்."

"ஜோலார்பேட்டைல எங்க அக்கா ஹெலன் இருக்கா சிஸ்டர். அவளக் கூப்புடுங்க" என்று ஜாஸ்மின் நம்பரைச் சொன்னாள். அவனைப் பார்க்காமலே, "நீங்க கெளம்புங்க" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கூடவே நாலடி நடந்துவந்து குனிந்தான். "ஏய், என் மாத்திரை அட்டைய எங்க வச்ச?"

"தேடிக்குங்க" என்றாள்.