ஒரே பெயரைத் தேடியவர்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில் சனிக்கிழமைகளில் வயதானவர்களுக்குப் பேஸ்புக் பழக்கப் போனேன். அறையில் தனியே இருந்தால் செத்துப்போன அண்ணாவின் நினைவுதான் வரும்.

மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்க, ஒருவர் மட்டும் போரின் கடைசி நாட்களில் காணாமல்போன மகனைத் தேடுவார். மெலிந்த மனிதர். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். மகனின் பெயரும் பின்னால் தன் பெயருமாக எழுதித் தேடி, வரும் படங்களையெல்லாம் பெரிதாக்கிக் காதைப் பார்ப்பார்.

"முகம் மாறும் தம்பி, காது மாறாது."

பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் நட்பு அழைப்பு அனுப்புவார்.

"அங்கிள் பொடியன்களை மட்டும்தான் பிரெண்ட் ஆக்குவார், எங்களைத் திரும்பியும் பாக்கமாட்டார்" என்று பக்கத்துக் கதிரையில் இருக்கும் அன்ரி பகிடி பண்ணுவார்.

ஒருநாள் அவருடைய கணக்கைப் பேஸ்புக்கில் பூட்டிவிட்டார்கள். என்னாலும் திறக்க முடியவில்லை.

"தெரியாத ஆக்களுக்குக் கனக்க அனுப்பிப்போட்டீங்களாம் அங்கிள்."

"எல்லாருக்கும் பின்னால என்ர பேர்தானே இருக்கு. அவங்கள் எப்பிடித் தெரியாத ஆக்கள்?"

திரையை விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீ ஒருத்தரையும் தேடேல்லையோ?"

"இல்லை அங்கிள். அண்ணா என்ர கையிலதான் செத்தவர். நான்தான் புதைச்சனான்."

"அப்ப நீ குடுத்துவச்சவன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதை உண்மையான பொறாமையோடு சொன்னார். இன்றுவரை என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை.