டக்கென்று ஒரு சத்தம்

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனிதர்களைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பார். கண்ணில் படும் முதல் சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். "டக்குனு சத்தம் வரணும் சார். அப்பதான் வேலை நடந்துச்சுன்னு அர்த்தம்." எலக்ட்ரீஷியனான அவருக்கு எங்கள் தெருவில் பெயரே டக்கு.

அப்பேர்ப்பட்டவரைக் கூப்பிட்டு, இருக்கிற சுவிட்சையெல்லாம் கழற்றச் சொன்ன மேதாவி நான். இனி வாயால் சொன்னால் விளக்கு எரியும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு வந்து தங்கியிருந்த அக்காவிடம், "எல்லாம் மேகத்துல, அதான் கிளவுடுல, இருக்குக்கா" என்று அளந்தேன்.

டக்குதான் என் மூக்கை உடைத்தார். "உங்க வாய்க்கும் பல்புக்கும் எட்டடி சார். ஆனா நீங்க சொல்றது கடல் தாண்டி கம்பெனிக்குப் போயி, அங்க புரிஞ்சு, திரும்பி வரணும். பேச்சைப் புரிஞ்சுக்கிற மூளைய இத்தனூண்டு பல்புல வச்சா, அந்த விலைக்கு யாரு வாங்குவா? அதான் மூளைய அவங்களே வச்சுக்கிட்டு உடம்ப மட்டும் விக்கிறாங்க. அக்கா ரூம்ல ஒரு சுவிட்சையாவது விட்டு வைக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். சுவரின் அழகு கெட்டுவிடுமாம்.

போன வாரம் இருட்டும் நேரம். வானத்தில் துளி மேகமில்லை. கம்பெனியின் மேகமும் அன்றைக்குப் படுத்துவிட்டது. விளக்கை அதட்டினேன், கெஞ்சினேன், இங்கிலீஷிலும் கேட்டுப் பார்த்தேன். அதற்குள் அக்கா பாத்ரூம் போக எழுந்துவிட்டாள். வாக்கர் எதிலோ இடித்தது. "டேய், கால் தடுக்குதுடா." விழுந்தால் மறுபடி ஆபரேஷன்தான். கையிலிருந்த போனில் டார்ச் இருப்பதுகூட உறைக்காமல், அதில் டக்குவைக் கூப்பிட்டேன்.

"அக்கா கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால கைய விடுங்க சார். திட்டாதீங்க."

தடவிக்கொண்டே போய்க் கையை விட்டேன். ஒரு சுவிட்ச். அணைத்துப் போட்டேன். கரண்ட் விட்டு வந்ததும், கம்பெனியைக் கேட்காமலே விளக்கு எரிந்தது. நான் வழியில் போட்டிருந்த ஸ்டூலில் வாக்கர் சிக்க, ஆடாமல் நின்றிருந்தாள் அக்கா. "மேகம் கலைஞ்சிருச்சாடா?"

மறுநாள் டக்கு வந்தார். "பழைய மாதிரியே சுவிட்ச் வாங்கி மாட்டிருங்க" என்று அசடு வழிந்தேன். அவர் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் வீட்டுப் பழைய சுவிட்சுகள். துடைத்து, எது எந்த அறை என்று எழுதி ஒட்டி வைத்திருந்தார். முதலாவதை எடுத்துக் காதருகே வைத்து, டக்கென்று அமுக்கிப் பார்த்தார்.