கயிற்றில் தடவிய எண்ணெய்

என் தாய்மாமா கையிலிருந்து கயிறு நழுவியதற்குக் காரணம் நான். அந்தப் பழியை அவர் சுமந்து திரிந்த காலமெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.

அப்பா சங்கு குளிப்பவர். கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவார். தோணியில் நின்று கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் விடுவது மாமா. மனைவியின் உடன்பிறந்தவன்தான் அந்தக் கயிற்றைப் பிடிக்கவேண்டும் என்பது தூத்துக்குடிக் கரையில் வழக்கம். தங்கச்சியின் தாலிமேல் வேறு யாருக்கு அத்தனை அக்கறை இருக்கும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமா தண்ணீர்ப் பானையின் வயிற்றில் உள்ளங்கைகளை ஒட்டவைத்துக் கண்மூடி உட்கார்ந்திருப்பார்.

"தீயா எரியுதுலே மருமவனே. ஒங்கப்பன் என்னா கனம் கனக்கான்!"

"ஆமா, நீரு மேல நின்னு காத்து வாங்குதீரு. முங்குறவன் நாமல்லா?" என்று அப்பா சிரிப்பார்.

நான் மாமாவின் கையைத் தொட்டுப் பார்ப்பேன். பகலெல்லாம் கடலில் கிடந்த ஈரக்கயிறு இவ்வளவு சூட்டை எங்கிருந்து கொண்டுவருகிறது? அடியாழத்தில், பச்சை இருட்டில், யாரோ ஓர் அடுப்பு மூட்டி வைத்திருப்பதாகவும், அதன் அனல் கயிறு வழியே ஏறி வருவதாகவும் நினைத்துக்கொள்வேன்.

பள்ளியில் வாத்தியார் அந்த எண்ணத்தைக் கலைத்தார். உரசினால் சூடு பிறக்கும், எண்ணெய் விட்டால் உரசல் குறையும் என்றார். அன்றைக்கே அம்மா தலைக்குத் தேய்க்கும் வெட்டிவேர் எண்ணெயை எடுத்து, முற்றத்தில் சுருண்டு கிடந்த கயிறு முழுக்கத் தடவினேன். மாமாவுக்கு இனி கை எரியாது.

மறுநாள் கயிறு மாமாவின் பிடியில் நிற்கவில்லை. அப்பா கல்லோடு விர்ரென்று இறங்கிவிட்டார். உயிரோடு மேலே வந்தார். திடீர் நீரழுத்தத்தில் வலது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்தக் காது அப்புறம் கேட்கவே இல்லை.

"தங்கச்சி புருசன்னுகூடப் பாக்காம கயித்த விட்டுட்டானே" என்றது ஊர். அப்பா மாமாவோடு பேச்சை நிறுத்தினார். மாமா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்.

கல்லூரியில் வெப்பவியல் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றல் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. அப்பாவின் வேகத்தை மாமா தன் உள்ளங்கையில் சூடாக வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டை நான் தடுத்தேன். வேகம் அப்பாவிடமே தங்கிவிட்டது. மாமாவின் கை எரிச்சல்தான் அப்பாவைப் பிடித்து நிறுத்தியிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

வேலை கிடைத்த பிறகு அப்பாவின் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு மாமாவிடமும் போய்ச் சொன்னேன்.

"கயிறு ஓடுன பொறவு கைய மோந்து பாத்தேம்லே. எந்தங்கச்சி தல வாசம்! வேற யாரு செய்வா?"

"பின்ன ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா ஒன்ன உப்புக்கண்டம் போட்டிருப்பானே ஒங்கப்பன். இப்பவாது அவன்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"எந்தக் காதுல சொன்ன?"

வீட்டுக்குத் திரும்பி, அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்து மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். பிறகு, "சட்டைய எடுலே" என்றார்.

நாங்கள் போனபோது மாமா தன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா கட்டிலைச் சுற்றிப்போய், தன் கேட்கும் காது மாமாவின் பக்கம் இருக்கும்படி அமர்ந்துகொண்டார்.