அந்தாண்ட திரும்பு

“அந்தாண்ட திரும்புங்க எல்லாரும்” என்று சொல்லிவிட்டுத்தான் கொளஞ்சியப்பன் செல்போனில் அந்த நாலு எண்களைத் தட்டுவார். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்தாவது படிக்கும் மகள் கனிமொழி சுவரைப் பார்ப்பாள். தட்டி முடித்ததும் திரையைச் சட்டையில் ஒரு துடை துடைப்பார். விரல் தடம்கூட யாருக்கும் துப்புக் கொடுத்துவிடக் கூடாதாம்.

அண்ணாமலை நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அவர், தனியார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பதினெட்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓட்டும்போது முதலாளியே கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டார். காலை நடை முடிந்து மாலை நடை தொடங்கும்வரை வண்டியைப் புளியமர நிழலில் போட்டுவிட்டு, கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்து, “சும்மா ஒரு பத்து நிமிஷம்” வீடியோ பார்ப்பார். அந்தப் பத்து நிமிஷம் எங்கே போய் முடிகிறது என்று சொல்ல வண்டியில் வேறு யாரும் இருப்பதில்லை.

அந்த வீட்டில் புதுப் போன் அவருக்கு, அவருடைய பழசு மகளுக்கு. அப்படிக் கைமாறிய போனில்தான் பிள்ளைகள் பார்க்கும் நேரத்தை அளக்கிற செயலியைப் போட்டார். ஞாயிறுதோறும் காலையில் அந்த வாரத்துக் கணக்கு அவருக்கு வரும். செய்தி வாசிப்பதுபோல் உரக்க வாசிப்பார். முதல் வாரமே தூக்கிவாரிப்போட்டது: தினமும் நாலு மணி ஐம்பது நிமிடம் வீடியோ!

“நான் அவ்ளோ பாக்கலப்பா.”

“மச்சான், நீங்களே சொல்லுங்க. மெஷினு பொய் சொல்லுமா?”

வடலூரிலிருந்து வந்திருந்த மைத்துனர் குனிந்த தலை நிமிராமல் காபியைக் குடித்தார். கனிமொழியின் போன் அணைக்கப்பட்டு, அன்றே பேருந்தின் டூல்ஸ் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

அந்த வாரம் கடலூரில் கனிமொழி ஆடவிருந்த மாவட்டக் கபடி அணித் தேர்வை ஒரு நாள் முன்னதாக வைத்துவிட்டார்கள். விளையாட்டு டீச்சர் வாட்ஸ்அப் குழுவில்தான் அதைச் சொல்லியிருந்தார். கனிமொழி ஜெர்சியோடு போய் இறங்கியபோது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுதான் பாதி அழிந்து கிடந்தது. திரும்பி வந்தவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

“பேசலன்னா போவட்டும். அப்பத்தான் புத்தி வரும்” என்றார் கொளஞ்சியப்பன்.

அடுத்த ஞாயிறும் கணக்கு வந்தது. “தினமும் நாலரை மணி...” என்று உரக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். போன்தான் வாரம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்ததே!

மறுநாள், சிதம்பரம் மேல வீதியில் செல்போன் பழுது பார்க்கும் அர்ஃபாவிடம் இரண்டு போனையும் நீட்டினார். “ஆப்பு கெட்டுப்போச்சும்மா. கணக்கு தப்புத்தப்பா காட்டுது.”

அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “ஆப்பு நல்லாத்தாண்ணே இருக்கு. பழைய போன்ல ஒங்க அக்கவுண்ட்ட எடுக்காமயே பாப்பாவுக்குக் குடுத்துட்டீங்க. ரெண்டு போன்லயும் பாக்குறத ஒண்ணா கூட்டிக் காட்டுது. பாப்பா பாத்தது தெனம் இருவது நிமிஷம். மிச்சம் பூரா ஒங்களது, காலைல பத்துலேர்ந்து மூணு வரைக்கும்.”

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். கொளஞ்சியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமன் முன்னால் மகள் நின்ற நிலைதான் கண்ணுக்குள் வந்தது. பாக்கலப்பா என்று அவள் ஒரே தடவைதான் சொன்னாள். இன்னொரு தடவை சொல்ல அவர் எங்கே விட்டார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, படித்துக்கொண்டிருந்த கனிமொழியின் முன்னால் அவள் போனை வைத்தார். அதன்மேல் தன் போனையும் வைத்தார்.

“தப்பு எம்மேலதான் பாப்பா. அவ்ளோவும் நான் பாத்தது. ஒங்க மாமாகிட்டயும் சொல்லிட்டேன்.” அவள் நிமிரவில்லை. “கபடி போனதும் என்னாலதான்.” தன் போனை அவள் பக்கம் நகர்த்தினார். “எம் போனுக்கு நீயே ஒரு நம்பர் போட்டுப் பூட்டிடு. எனக்குத் தெனம் அரை மணி நேரம் போதும்.”

பக்கம் ஒன்றைப் புரட்டிவிட்டு, கனிமொழி அவர் போனைக் கையில் எடுத்தாள். எண்களைத் தட்டுமுன் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.