‘நடந்து வாங்க’ என்று எழுதியவர்

குரு அண்ணன் இறந்த செய்தி எனக்கு நம் ரசிகர் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. தொடரில் வரும் கப்பலின் படம், அதன் கீழே ஒரு மெழுகுவத்தி, ‘கப்பல் புறப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி. பார்த்துவிட்டு நான் பாட்டுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டேன். நம் குழுவில் இதெல்லாம் சகஜம்தானே. கதாபாத்திரங்களுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவீர்கள், செத்தால் இரங்கல் போடுவீர்கள். நான் நடித்த தாரணிக்கே எத்தனை முறை மாலை போட்டிருக்கிறீர்கள்! இதுவும் அப்படி ஏதோ கூத்து என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் லம்பா லைன் பகுதியிலிருந்து தபன் தா போன் செய்தார். நம் குழுவை ஆரம்பித்த வங்காளி, எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர். “வசந்தி தீதி, குரு தாதா நஹீ ரஹே”, அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டு அழுதார். காலையில் பால் வாங்கிக்கொண்டு மரைன் ஹில் ஏற்றத்தில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நம் தொடரைப் புதிதாக எடுக்கிறார்களே, அதன் கடைசிப் பகுதி இன்னும் எடுக்கவில்லையே, இனி அந்தப் பழைய முடிவை யார் தடுப்பார்கள் என்ற பயம். துருவிய தேங்காயை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ‘கீழ்வானக் கப்பல்’ இந்தத் தீவின் கேபிளில் ஓடிய தொடர். அண்ணன் அப்போது சாத்தம் மர ஆலையில் வேலையில் இருந்தார். நான் கப்பல் டிக்கெட் கவுன்டரில். எழுதுவது, எடுப்பது, அடுத்த தீவிலிருந்து வந்தவர்களை நடிக்கப் பிடித்துப் போடுவது எல்லாம் அவர்தான். விண்கப்பலின் உட்புறம் கழித்துப் போட்ட ஒட்டுப் பலகை. அதன் விளக்குகள் தீபாவளி சீரியல் பல்பு. விண்வெளி உடை என்பது வெள்ளிப் பெயின்ட் அடித்த மழைக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு நான் வேர்த்துக் கொட்டினேன். “அண்ணே, வேர்வை கேமராவுல தெரியுது” என்றால், “வேற கெரகத்துல வேர்க்காதா புள்ள? வேர்க்கட்டும்” என்பார். தமிழில் பேசுவோம், இந்தி பாதி கலந்திருக்கும். வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கம், ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அதைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை.

தெற்குத் தீவுகளுக்குக் கேபிள் கிடையாது. அதனால் ஒரு பகுதி ஓடி முடிந்ததும் அதைக் கேசட்டில் போட்டு, கப்பல் ஊழியர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். முதல் கேசட் எப்போதும் கச்சாலுக்குத்தான். அவர் பிறந்தது அங்கே. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். சித்தப்பா வீட்டில் ஜெனரேட்டர் போட்டு, தோட்ட லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் முற்றத்தில் கூடிப் பார்ப்பார்களாம். யார் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்தக் குழந்தை பயந்து அழுதது என்று சித்தி கப்பலில் வருபவர்களிடம் சொல்லி அனுப்புவார். அந்தச் செய்திக்காக அண்ணன் கப்பல்துறையில் போய் நிற்பார். அதைவிடப் பெரிய விமர்சனம் அவருக்கு இருந்ததில்லை.

கடைசிப் பகுதியின் கதை உங்களுக்கு மனப்பாடம். பூமி அழியப்போகிறது. திடீரென்று கடல் உள்வாங்குகிறது. மைல் கணக்கில் தரை தெரிகிறது. ஜனங்கள் மிரண்டுபோய் நிற்கிறார்கள், சிலர் மலைக்கு ஓடுகிறார்கள். தூரத்தில் கப்பல் வாசலில் தாரணி தோன்றிக் கையை நீட்டுகிறாள். “பயப்படாதீங்க. கடல் வழி விட்டிருக்கு. நடந்து வாங்க.” நம்பி நடந்தவர்கள் பிழைக்கிறார்கள். மலைக்கு ஓடியவர்கள் அழிகிறார்கள். எடுத்த அன்று நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அந்த வரியை நான் சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது.

அந்தக் கேசட் கச்சாலுக்குப் போனது. அந்த வருட டிசம்பரில் சுனாமி வந்தது.

கச்சால் என்ன ஆனது என்று இந்தத் தீவுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. முகாம்களுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தபோது அண்ணனும் நானும் சோறு பரிமாறப் போனோம். அவர் சோற்று வாளி, நான் சாம்பார். வரிசையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தட்டை நீட்டாமல் என் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க அந்தக் கப்பல்காரம்மாதானே?”

நான் தலையை ஆட்டினேன்.

“கப்பல் வரலியே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். தட்டில் சோறு வாங்கிக்கொண்டு போனாள். அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் பின்னால் போய் விவரம் கேட்கலாம் என்று நான் கிளம்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கேட்டுறாத வசந்தி. கேட்டா தெரிஞ்சுபோயிரும்.”

அதன் பிறகு அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ‘ஏன் தாதா எழுதுவதில்லை’ என்று நீங்கள் ஆளாளுக்குக் கேட்டீர்கள், உடம்பு சரியில்லை என்று மழுப்பினார். நம் கடைசிப் பகுதியை நம்பி யாராவது கடலில் இறங்கியிருப்பார்களோ என்று என்னிடம் மட்டும் சொல்வார். நான் சண்டை போடுவேன். “மீன் துள்ளுதுன்னு ஜனங்க எறங்கிப் போனாங்க அண்ணே. ஊரு உலகத்துல எல்லாக் கரையிலயும் அப்படித்தான் போனாங்க. அங்கெல்லாம் உங்க நாடகமா ஓடுச்சு?”

“ஒருத்தர் போயிருந்தா?” என்பார்.

“யாரும் போயிருக்க மாட்டாங்க.”

“ஒரே ஒருத்தர், வசந்தி. கப்பல் தெரியுதான்னு பாத்துக்கிட்டே.”

எழுதியது அவர் என்றாலும், சொன்ன குரல் என்னுடையது.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் குழுக் கூட்டம் முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று “கடல் வழி விட்டிருக்கு, நடந்து வாங்க” என்று ஒரே குரலில் சொல்லும் வழக்கத்தை ஆரம்பித்தீர்கள். அன்போடுதான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். பனியன் அச்சடித்தீர்கள், நெஞ்சில் அந்த வரி. கூட்டம் முடியும் நேரம் பார்த்து அண்ணன் பாத்ரூம் போகிற சாக்கில் வெளியே போய்விடுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள். வெளியே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் மெயின்லேண்டிலிருந்து அந்த இயக்குநர் தம்பி வந்தார். பழைய கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறார். தொடரைப் புதிதாக எடுக்கிறோம், வயதான தாரணியாக நீங்களே நடியுங்கள் என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அண்ணன் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “தண்ணி உள்வாங்குனா மேட்டுக்கு ஓடணும். அப்படி முடிக்கிறதுன்னா எடுங்க. இல்லாட்டி எனக்கு ஏலாது.” தம்பி திகைத்துவிட்டார். “சார், அந்த முடிவுக்காகத்தானே வந்தோம்?” என்றார். கடைசியில் அரைமனதாகச் சம்மதித்தார்.

விஷயம் கசிந்ததும் நம் குழு கொதித்தது. கதையை மாற்றக் கூடாது, அது தாதாவுக்கு மட்டும் சொந்தமில்லை, எங்களுக்கும் சொந்தம் என்று எழுதினீர்கள். வயதாகிக் குழம்பிவிட்டார் என்று ஒருவர். மெயின்லேண்ட்காரர்கள் மிரட்டிவிட்டார்கள் என்று இன்னொருவர். அண்ணன் அத்தனையையும் படித்தார். “இவ்வளவு நம்புறாங்க, பாரு” என்று போனை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எந்த எழுத்தாளனும் பெருமைப்படுகிற விஷயம் அவரைக் கிலி பிடிக்க வைத்தது.

அவரை எரித்த அன்று பாதிப் பேர் அந்தப் பனியனோடு வந்திருந்தீர்கள். நெருப்பு வைத்ததும் யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் கைகூப்பி அந்த வரியைச் சொன்னீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் விம்முகிறேன் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அங்கேயே தம்பி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “சாருக்கு அஞ்சலியா, பழைய முடிவையே வெச்சுக்கலாம்மா. ரசிகர்களும் அதைத்தான் கேக்குறாங்க. அவங்களையே கூட்டமா நடிக்க வெச்சிரலாம்.” செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்? நானும் தேதி கொடுத்துவிட்டேன்.

படப்பிடிப்பு வண்டூர் பக்கத்துக் கரையில். தண்ணீர் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். நான் தூரத்தில் ஒரு படகின் மேல், கையில் மெகாபோன். நீங்கள் எல்லோரும் கரையில். இன்னும் ‘ஆக்‌ஷன்’ சொல்லவில்லை. கடல் பின்னால் போயிருந்தது, பாறையும் பாசியும் தெரிந்தன. அதைப் பார்த்த உற்சாகத்தில் நீங்களாகவே இறங்கி நடக்க ஆரம்பித்தீர்கள். சிரித்துக்கொண்டு, போன் பிடித்துக்கொண்டு, தோளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு. நான் கையைக்கூட நீட்டவில்லை. அதற்குள் என்னைப் பார்த்து நடந்து வந்தீர்கள்.

அந்த நிமிடம் என் உடம்பு என் வசத்தில் இல்லை. முகாமில் தட்டோடு நின்ற அந்தப் பெண் உங்களுக்கு நடுவில் வருவது போலிருந்தது. “வராதீங்க!” என்று கத்தினேன். “வாபஸ் ஜாவ்! திரும்பிப் போங்க! மேட்டுக்கு ஓடுங்க! பாகோ! பாகோ!” வசனம் அல்ல அது. குரல் கிழிந்துவிட்டது. சுனாமி அன்று கேட்ட குரல் அது, இந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியும். நீங்கள் ஓடினீர்கள். செருப்பை விட்டுவிட்டு, விழுந்து எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். ஒன்றுமில்லை என்று எவ்வளவு சொல்லியும் தபன் தா மேட்டை விட்டு இறங்கவில்லை. தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடியே இருந்தார். கேமரா முழுவதையும் எடுத்துவிட்டது. தம்பி எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். “இதுதாம்மா முடிவு” என்று மட்டும் சொன்னார். வெளிறிப்போயிருந்தார், பாவம்.

என்மேல் உங்களில் சிலருக்கு இன்னும் கோபம். குழந்தைகளைப் பயமுறுத்திவிட்டேன், தாதாவின் கடைசிக் காட்சியைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். முகாமில் பார்த்த அந்தப் பெண் அன்று கப்பலைத் தேடிக் கடலில் இறங்கினாளா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அண்ணனுடைய மேசை, கேசட்டுகள், மழைக் கோட்டு எல்லாவற்றையும் குழுவே எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய பயத்தை நான் எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது அது, இன்னும் உயிரோடு. தினமும் ஜன்னலைத் திறந்து தண்ணீர் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. பார்த்த பிறகும் பயம் போகவில்லை.