வெண்டைக்காய்க்கு ஒரு வக்கீல்

இன்டர்நெட் கம்பெனிகள் கவிழ்ந்த டாட்-காம் சரிவில் என் கணவர் அன்வருக்கு வேலை போன வருஷம் அது. டெக்ஸாஸில், ஆலன் பக்கம் ரெண்டு ஏக்கர் லீசுக்கு எடுத்து, இந்தியக் கடைகளுக்காக வெண்டைக்காய் போட முடிவு பண்ணினேன். ஒப்பந்தத்தை யாரிடம் காட்டுவது என்றதும், "நம்ம கிரீன் கார்டு லாயர் இருக்காரே!" என்றார் அன்வர். விசா, குடியுரிமை பேப்பர் பார்க்கிறவர்; இங்கே நம் ஆட்களுக்கு வக்கீல் என்றாலே அவர்தான். அவரும் புரட்டிவிட்டு, "லுக்ஸ் ஃபைன்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

செடி பூத்த வாரம் நிலத்துக்காரர் ஃபோன் பண்ணினார். நிலத்தை விற்கிறாராம், முப்பது நாளில் காலி பண்ணணுமாம். எடுத்துப் பார்த்தால் ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது. நிற்கிற பயிரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"விட்டுடு மும்தாஜ்" என்றார் அன்வர்.

"மாட்டேங்க. முதுகு ஒடிய வேலை பார்த்திருக்கேன்."

விதைக் கடையில் விசாரித்து, விவசாயிகளுக்கே வேலை பார்க்கிற ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். அந்தம்மா பூட்ஸோடு நேராக வயலுக்கு வந்தார். பேப்பரைக் கையில் வாங்கும் முன்பே, "கடைசிப் பறிப்பு எப்போது?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது. நிலத்துக்காரரிடமும் வாங்குகிறவரிடமும் பேசி, கடைசிப் பறிப்பு வரை நிலம் என் கையில் என்று எழுதி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது வேறு நிலம், புது லீஸ். என்ன விதைக்கிறேன், எப்போது பறிப்பேன் என்று கேட்காத வக்கீலிடம் நான் ஒப்பந்தத்தை நீட்டுவதில்லை. கிரீன் கார்டு லாயர் வீட்டுக்கும் போகிறேன், வெண்டைக்காய் கொடுக்க மட்டும்.

- மும்தாஜ் அன்வர், ஆலன்