நல்ல காற்று கிடைக்கும் இடம்

என் தங்கைக்கு நான்கு வயதில் வீசிங் வந்தது. மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர், "வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்ல காத்து இருக்கிற இடமா பாத்து கூட்டிட்டுப் போங்க" என்றார். சீட்டில் அவர் எழுதாத மருந்து அது ஒன்றுதான். எங்கே கிடைக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

ராயபுரத்திலிருந்து விம்கோ நகருக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். அப்பா குடோனில் மூட்டை தூக்குபவர். ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்த ஒரு நாளையும் காற்றுக்காகத் தாரைவார்த்தார். பூங்காவுக்குப் போனோம். மதிலுக்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டிப் புகை விட்டுக்கொண்டிருந்தன. கடற்கரைக்குப் போனோம். மணல் இருந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் பஸ் ஏறி எண்ணூர் தாண்டி, ஆற்றங்கரையில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது, விரட்ட ஆள் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை வெளுத்த, கால் புதையும் மண்.

"பாத்தியா, இன்னா காத்து!" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். சொந்தமாக ஒரு கிரவுண்டு நிலம் வாங்கியவர்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

ஏழெட்டு ஞாயிறு போயிருப்போம். நானும் தங்கையும் அந்த மண்ணில் சறுக்கினோம், புரண்டோம், வாரி இறைத்துக்கொண்டோம். அவளுக்கு இருமல் வந்தால் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு காற்று இன்னும் பலமாக அடிக்கும் பக்கம் போய் நிற்பார். நான் பின்னாலேயே ஓடி, "நல்லா மூச்ச இஸ்து வுடுடி" என்று சொல்லிக்கொடுப்பேன்.

ஒருநாள், ஆற்றிலிருந்து நண்டுக்கூடையோடு ஏறி வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாபா, கொயந்தைங்கள சாம்பல்ல ஆட வுட்டுகினு கீற?"

"சாம்பலா? மண்ணுதானம்மா இது?" என்றார் அப்பா.

"மண்ணா? கரண்டு கம்பெனில கரி எரிச்ச சாம்பல்பா. அது போற பைப்பு ஒட்ஞ்சி வந்து ரொம்பிக்கீது. நாங்களே மூஞ்சில துணி கட்டிகினுதான் இந்தப் பக்கம் வர்றோம்."

அப்பா தங்கையை இழுத்து நிறுத்தி, தலை, முதுகு, பாவாடை என்று தட்ட ஆரம்பித்தார். மூட்டை தூக்கும் கை அது. அவள் வீலென்று அலறினாள். தட்டத் தட்ட வெள்ளையாகப் பறந்து அவள் முகத்திலேயே விழுந்தது. எதற்கு அவளை இப்படி அடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "அவ இன்னா பண்ணா நைனா?" என்று நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல எங்களுக்குத் தலைசீவி, பஸ் ஸ்டாப் வரை கூட்டிப்போனார். அங்கேயே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பஸ் வந்து போனது, இன்னொன்றும் போனது. அவர் இடுப்பில் தங்கையின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. பெரியவர்களுக்கும் வழி மறந்துபோகும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"எனுக்குத் தெரியும், வா நைனா" என்று அவர் கையைப் பிடித்து எண்ணூர் பஸ்ஸைப் பார்த்து இழுத்தேன்.